பைத்தானில் ‘மாட்யூல் இல்லை’ என்று வந்தால்: தேடிப் பிடித்து நிறுவும் வழி

இணையத்திலிருந்து ஒரு பைத்தான் புராஜெக்டை இறக்கி ஓட்டிப் பார்க்கிறோம். நிரல் தொடங்கிய வேகத்தில் இப்படி ஒரு வரியோடு நின்றுவிடுகிறது:

மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரர்: நோ மாட்யூல் நேம்ட் 'பிஎஸ்4'

நிரல் கேட்ட ஒரு மாட்யூல், அதாவது இம்போர்ட் செய்து பயன்படுத்தும் வேறொரு நிரல் துண்டு, கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். பைத்தான் பழகும் யாரும் இதைச் சந்திக்காமல் தப்புவதில்லை. பார்த்தவுடன் பலரும் செய்வது, மேற்கோளுக்குள் இருக்கும் பெயரை அப்படியே எடுத்து ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டுவது (மாட்யூல்களைத் தொகுத்து வைத்த பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவிதான் பிப்). சில நேரம் அதுவே போதும். சில நேரம் நிறுவியாகிவிட்டது என்று பிப் சொன்ன பிறகும் அதே எர்ரர் வந்து நிற்கும். இன்னும் சில நேரம், பெயர் மட்டும் பொருந்துகிற, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேக்கேஜ் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

நிறுவும் கட்டளை ஒரே வரி. அதைத் தட்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: இப்போது ஓடுவது எந்தப் பைத்தான், விடுபட்ட பெயர் யாருடையது, அதை எங்கே நிறுவப் போகிறோம். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அவசரமாக நிறுவுவதால்தான் ஐந்து நிமிட வேலை ஒரு முழு மாலையைத் தின்றுவிடுகிறது.

கட்டளைகளை இந்தக் கட்டுரையில் ஒலிக்கேற்பத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, மேற்கோள் எல்லாம் இங்கே உள்ளபடியே வர வேண்டும்.

பேச வசதியாக ஒரு சின்ன புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். ஓர் இணையப் பக்கத்தை இறக்கி, அதிலுள்ள தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ணுவது அதன் வேலை. அதன் மெயின்.பிஒய் கோப்பு இப்படித் தொடங்குகிறது:

இம்போர்ட் ஆர்இ
இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்
இம்போர்ட் யாம்ல்
இம்போர்ட் தமிழ்
ஃப்ரம் பிஎஸ்4 இம்போர்ட் பியூட்டிஃபுல்சூப்
ஃப்ரம் ஹெல்ப்பர்ஸ் இம்போர்ட் கிளீன்

ஆறு வரிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் ஆறையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

எர்ரரைக் கீழிருந்து படியுங்கள்

எர்ரர் எத்தனை வரி நீண்டிருந்தாலும் கடைசி வரியிலிருந்து மேலே போங்கள். எந்த மாட்யூல் கிடைக்கவில்லை என்பது கடைசி வரியில் இருக்கும். அதற்குச் சற்று மேலே ‘ஃபைல்’ என்று தொடங்கும் வரியில், அதைக் கேட்ட கோப்பின் முகவரி இருக்கும். அந்தக் கோப்பு உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருந்தால், விடுபட்டது நேரடியாக உங்களுக்குத் தேவையான ஒன்று. முகவரியில் ‘சைட்-பேக்கேஜஸ்’ என்று வந்தால், ஏற்கெனவே நிறுவிய ஒரு பேக்கேஜ் தனக்கு வேண்டிய இன்னொன்றைக் காணாமல் நிற்கிறது. பேக்கேஜ் மிகப் பழையதாக இருக்கலாம், அல்லது தவறான பேக்கேஜை நிறுவியிருக்கலாம்.

‘இம்போர்ட்எர்ரர்: கேனாட் இம்போர்ட் நேம்’ என்று வந்தால் அது வேறு சங்கதி. மாட்யூல் இருக்கிறது, அதற்குள் நீங்கள் கேட்ட பெயர்தான் இல்லை. பெரும்பாலும் பதிப்பு பொருந்தாததால் வருவது. அதே பதிப்பை மறுபடி மறுபடி நிறுவிப் பயனில்லை. பைத்தான் 3.6க்கு முன்பு மாட்யூல் இல்லாதபோதும் ‘இம்போர்ட்எர்ரர்’ என்றே வரும். பழைய பதில்களைத் தேடிப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஓடுவது எந்தப் பைத்தான்?

‘நிறுவிவிட்டேன், ஆனாலும் இல்லை என்கிறது’ என்ற புலம்பலுக்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஒரே கணினியில் பல பைத்தான்கள் இருக்கலாம். விண்டோஸில் பைத்தான்.ஆர்க் தளத்திலிருந்து இறக்கியது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது ஒன்று, அனகோண்டாவோடு வந்தது ஒன்று. உபுண்டுவில் இயங்குதளத்தோடு வருவது ஒன்று. மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் தனி. ஒன்றில் நிறுவியது மற்றதன் கண்ணுக்குத் தெரியாது. பிப் ஒரு பைத்தானில் நிறுவிக்கொண்டிருக்க, உங்கள் நிரல் இன்னொன்றில் ஓடினால் எத்தனை முறை நிறுவினாலும் எர்ரர் போகாது.

இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

பைத்தான் -சி "இம்போர்ட் சிஸ், பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)"
பிப் --வெர்ஷன்

முதலாவது, ஓடும் பைத்தானின் முழு முகவரியைக் காட்டும். இரண்டாவது, பிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பதிப்புப் பைத்தானுக்கு உரியது என்று காட்டும். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால் நல்லது. ஒன்று 3.11 என்றும் மற்றது 3.13 என்றும் சொன்னால் கோளாறு கையில் சிக்கிவிட்டது.

இந்தக் குழப்பமே வராமல் இருக்க ஒரு பழக்கம் போதும். பிப் என்று தனியாகத் தட்டாமல், எப்போதும் இப்படித் தட்டுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்

‘இந்தப் பைத்தானுக்கு உரிய பிப்பை ஓட்டு’ என்பது இதன் பொருள். நிரலை எந்தச் சொல்லால் ஓட்டுகிறீர்களோ அதே சொல்லால் நிறுவுங்கள். உபுண்டுவில் ‘பைத்தான்3’ என்று ஓட்டினால் நிறுவும்போதும் ‘பைத்தான்3’. விண்டோஸில் ‘பிஒய்’ என்று ஓட்டினால் நிறுவும்போதும் ‘பிஒய்’. இங்கிருந்து கடைசிவரை இந்த முறையையே பயன்படுத்துகிறேன்.

அந்தப் பெயர் யாருடையது?

நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இம்போர்ட் வரியில் வரும் பெயர் மூன்று இடங்களில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கும்: பைத்தானோடு கூடவே வருவது, புராஜெக்டை எழுதியவர் தாமே எழுதியது, வெளியிலிருந்து நிறுவ வேண்டியது.

நம் எடுத்துக்காட்டில் ‘ஆர்இ’ பைத்தானோடு வருவது. நிறுவத் தேவையில்லை. ஒரு பெயர் இந்த வகையா என்று சந்தேகம் வந்தால், 3.10 முதலான பதிப்புகளில் பைத்தானிடமே கேட்கலாம்:

பைத்தான் -சி "இம்போர்ட் சிஸ், பிரிண்ட்('ஆர்இ' இன் சிஸ்.எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ்)"

‘ட்ரூ’ என்று வந்தால் பைத்தானுடையது. (எர்ரரில் இருக்கும் எழுத்துகளையே அப்படியே பெயராகக் கொடுங்கள்.) இந்த வகையிலும் சில விடுபடுவதுண்டு. உபுண்டு, டெபியன் கணினிகளில் ‘டிகின்டர்’ தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிப் தராது, அந்த இயங்குதளங்களின் சொந்த நிறுவல் கருவியான ஏபிடி வழியாக ‘சுடு ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-டிகே’ என்றுதான் நிறுவ வேண்டும். அப்புறம், பைத்தான் சில பழைய மாட்யூல்களைக் கைவிட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12இல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, ‘இம்ப்’ ஆகியவை இல்லை. 2024 அக்டோபரில் வந்த 3.13இல் ‘சிஜிஐ’, ‘டெல்நெட்லிப்’ உட்பட 19 மாட்யூல்கள் ஒரே அடியாக நீக்கப்பட்டன. பழைய புராஜெக்ட் ஒன்று ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ இல்லை என்று நின்றால், ‘செட்டப்டூல்ஸ்’ பேக்கேஜை நிறுவினால் பெரும்பாலும் ஓடிவிடும். மற்றவற்றுக்கு அந்தப் புராஜெக்டின் புதிய பதிப்பைத் தேடுங்கள், இல்லையென்றால் அதற்கு ஏற்ற பழைய பைத்தானை வைத்து ஓட்டுங்கள்.

அடுத்து ‘ஹெல்ப்பர்ஸ்’. இது புராஜெக்ட்காரர் எழுதியது. ஃபோல்டருக்குள் ஹெல்ப்பர்ஸ்.பிஒய் என்ற கோப்போ, ஹெல்ப்பர்ஸ் என்ற ஃபோல்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். யூட்டில்ஸ், கான்ஃபிக், மாடல்ஸ், கோர் போன்ற பொதுப் பெயர்கள் ஏறக்குறைய எப்போதும் இந்த வகைதான். இவற்றைப் பிப் வழியாக நிறுவவே கூடாது. அதே பெயரில் யாரோ ஏற்றிய வேறொரு பேக்கேஜ் வந்து சேரும். எர்ரர் மாறும், பிரச்சினை தீராது.

சொந்த மாட்யூல் கிடைக்காமல் போவதற்குக் காரணம் நிறுவல் சம்பந்தப்பட்டது அல்ல, இருக்கும் இடம் சம்பந்தப்பட்டது. ‘பைத்தான் ஆப்/மெயின்.பிஒய்’ என்று ஓட்டினால், மெயின்.பிஒய் இருக்கும் ‘ஆப்’ ஃபோல்டரில்தான் பைத்தான் முதலில் தேடும். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தேடாது. ஹெல்ப்பர்ஸ் ஒரு படி மேலே இருந்தால் அதன் கண்ணில் படாது. புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு ‘பைத்தான் -எம் ஆப்.மெயின்’ என்று ஓட்டிப் பாருங்கள். இப்போது நீங்கள் நிற்கும் ஃபோல்டரே தேடும் பட்டியலில் முதலில் வரும்.

இதன் மறுபக்கமாக இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சிக்காக எழுதும் கோப்புக்கு ரேண்டம்.பிஒய் என்றோ ரிக்வெஸ்ட்ஸ்.பிஒய் என்றோ பெயர் வைத்துவிட்டால், பைத்தான் உண்மையான மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். ‘இஸ் நாட் எ பேக்கேஜ்’ என்றோ ‘பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்’ என்றோ எர்ரரில் வந்தால் முதலில் உங்கள் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். 3.13 முதல் பைத்தானே ‘கோப்பின் பெயரை மாற்றிப் பார்’ என்று குறிப்பும் தருகிறது.

மீதி நான்கு பெயர்கள் வெளியிலிருந்து வர வேண்டியவை. அவை கிடைக்கும் இடம் பைபிஐ எனப்படும் பைத்தான் பேக்கேஜ் இண்டெக்ஸ். 2003 முதல் இயங்கும் பொதுக் களஞ்சியம் அது. பிப் அங்கிருந்துதான் இறக்குகிறது. இம்போர்ட் செய்யும் பெயரும் பைபிஐயில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடும் பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருப்பது போலத்தான். நிரலுக்குள் கூப்பிடும் பெயரால் பைபிஐயில் தேடினால் ஆள் கிடைக்காமல் போகலாம், அல்லது அதே பெயருள்ள வேறு ஆள் கிடைக்கலாம்.

ரிக்வெஸ்ட்ஸுக்கு இரண்டு பெயரும் ஒன்று. ‘யாம்ல்’ என்று இம்போர்ட் செய்வதற்கு நிறுவ வேண்டியது பைஒய்ஏஎம்எல். ‘பிஎஸ்4’க்கு பியூட்டிஃபுல்சூப்4. ‘தமிழ்’ என்று, அதாவது டி, ஏ, எம், ஐ, எல் என்ற ஐந்து எழுத்தில், இம்போர்ட் செய்வதற்கு ஓப்பன்-டமில். தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பேக்கேஜை அவசியம் பரிந்துரைப்பேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் நேரடியாகக் கேட்டால் 5 என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறிகளாக எண்ணுவதால் வரும் விடை அது. ஓப்பன்-டமிலில் உள்ள ‘கெட்_லெட்டர்ஸ்’ த, மி, ழ் என்று மூன்று எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தரும்.

அடிக்கடி எதிர்ப்படும் இன்னும் சில: ‘சிவி2’க்கு ஓப்பன்சிவி-பைத்தான், ‘பிஐஎல்’க்கு பில்லோ, ‘எஸ்கேலேர்ன்’க்கு சைக்கிட்-லேர்ன், ‘டாட்என்வ்’க்கு பைத்தான்-டாட்என்வ், ‘கிரிப்டோ’வுக்கு பைகிரிப்டோடோம், ‘ஜேடபிள்யூடி’க்கு பைஜேடபிள்யூடி. பில்லோவின் கதை இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று காட்டும். பிஐஎல் என்ற பழைய பட நூலகத்தின் கடைசி வெளியீடு 2009இல் வந்தது. அதைத் தொடர்ந்து வளர்க்க 2010இல் பில்லோ கிளைத்தது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் உடையாமல் இருக்க, இம்போர்ட் பெயரை மட்டும் பிஐஎல் என்றே வைத்துக்கொண்டார்கள்.

சிக்கலான சில பெயர்களைத் தனியே சொல்ல வேண்டும். வேர்டு கோப்புகளைக் கையாள ‘டாக்எக்ஸ்’ என்று இம்போர்ட் செய்வோம். அதே பெயரில் நிறுவினால் பைத்தான் 3க்கு ஒவ்வாத ஒரு பழைய பேக்கேஜ் வரும். ஓட்டினால் ‘எக்ஸப்ஷன்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று புதிதாக ஓர் எர்ரர். அதை நீக்கிவிட்டு பைத்தான்-டாக்எக்ஸ் நிறுவ வேண்டும். பிடிஎஃப் படிக்கும் ‘ஃபிட்ஸ்’க்கு நிறுவ வேண்டியது பைஎம்யூபிடிஎஃப், ஃபிட்ஸ் என்ற பெயரில் பைபிஐயில் இருப்பது வேறு. ஆர்டுயினோவோடு பேசப் பயன்படும் ‘சீரியல்’க்கு பைசீரியல், சீரியல் என்ற பெயரில் இருப்பதும் வேறு. இவை மூன்றிலும் நிறுவல் வெற்றிகரமாக முடியும், அதனால்தான் கோளாறு எங்கே என்று தெரியாமல் தலை சுற்றும்.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? புராஜெக்டோடு வரும் ரீட்மீ கோப்பைப் படியுங்கள். அதில் இல்லையென்றால் அந்த நூலகத்தின் சொந்த ஆவணப் பக்கத்துக்குப் போங்கள். நிறுவும் வரி முதல் பக்கத்திலேயே இருக்கும். பிறகு பைபிஐயில் அந்தப் பெயரின் பக்கத்தைத் திறந்து, விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரலின் இம்போர்ட் வரி உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா, மூலநிரல் இருக்கும் இடத்துக்கு இணைப்பு இருக்கிறதா, வெளியீட்டு வரலாறு சில ஆண்டுகளாவது நீள்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகாது.

அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பைபிஐயில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம். மூல வடிவில் வரும் பேக்கேஜ், நிறுவும் நேரத்திலேயே உங்கள் கணினியில் நிரலை ஓட்ட முடியும். நீங்கள் இம்போர்ட் செய்யும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் பைபிஐயிலிருந்து இரண்டு பேக்கேஜ்கள் நீக்கப்பட்டன. ஒன்று ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற நல்ல பேக்கேஜின் பெயரில் ஒரு சிறிய எல் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தைப் போட்டு ஏற்றப்பட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மற்றது பைத்தான்-டேட்யூட்டில் என்ற புகழ்பெற்ற பேக்கேஜைப் போல் ‘பைத்தான்3-டேட்யூட்டில்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. பிற கணினிகளுக்குள் நுழையவும் தகவலை மறையாக்கவும் பயன்படும் எஸ்எஸ்ஹெச், ஜிபிஜி சாவிகளைத் திருடுவது முதலாவதன் வேலை. இரண்டாவது அதை உள்ளே இழுத்து வருவதற்காக. ஏஐ உதவியாளரிடம் கேட்டுப் பெறும் பெயர்களுக்கும் இதே சோதனை வேண்டும். இல்லாத பேக்கேஜின் பெயரை அவை உறுதியாகச் சொல்வதுண்டு, அந்தப் பெயரை யாரும் பைபிஐயில் பதிந்துகொள்ள முடியும்.

புராஜெக்டுக்குத் தனிச் சூழல்

பெயர் தெரிந்துவிட்டது. எங்கே நிறுவுவது? ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். ஒரு புராஜெக்டுக்கு வேண்டிய பதிப்பு இன்னொன்றைக் கெடுக்காது. வேண்டாம் என்றால் ஃபோல்டரையே அழித்துவிடலாம். இதற்கான ‘வென்வ்’ 2012இல் வந்த 3.3 முதல் பைத்தானோடு வருகிறது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

பைத்தான் -எம் வென்வ் .வென்வ்

இது .வென்வ் என்ற ஃபோல்டரை உருவாக்கும். அதற்குள் நுழைய விண்டோஸில்:

.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

லினக்ஸ், மேக்கில்:

சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்

லினக்ஸில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்காது, விண்டோஸில் பின் இருக்காது. விண்டோஸ் வழிகாட்டியில் உள்ளதை உபுண்டுவில் தட்டினால் கிடைக்கவில்லை என்றுதான் வரும். மேலே தந்த விண்டோஸ் வரியில் ஃபோல்டர் பெயரான ஸ்கிரிப்ட்ஸின் முதல் எழுத்து பெரியது.

நுழைந்ததும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று தெரியும். புதிய டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி நுழைய வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இதை மறந்திருப்போம். பவர்ஷெல் ‘ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை’ என்று மறுத்தால், சாதாரண கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதே வரியை ஓட்டுங்கள். உபுண்டுவில் சூழலை உருவாக்கும்போதே ‘என்ஷூர்பிப்’ இல்லை என்று நின்றால் ‘சுடு ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்’ போதும்.

2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், தனிச் சூழல் இல்லாமல் பிப் வழியாக நிறுவ முயன்றால் ‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்-என்விரான்மென்ட்’ என்று தடுத்துவிடும். இயங்குதளத்தின் சொந்த வேலைகளுக்கும் அந்தப் பைத்தான் தேவை என்பதால் வைத்த பாதுகாப்பு அது. அந்தச் செய்தியிலேயே ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற மாற்று வழியும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது எதை உடைக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிறுவுதல்

ஒவ்வொரு எர்ரராகப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுவும் முன், புராஜெக்டிலேயே பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி இருந்தால் ஒரே வரியில் எல்லாம் வந்துவிடும்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

பைபுராஜெக்ட்.டிஓஎம்எல் மட்டும் இருந்தால் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -இ .’ என்று, கடைசிப் புள்ளியோடு தட்டுங்கள். என்விரான்மென்ட்.ஒய்எம்எல் என்றால் கோண்டா, பொயட்ரி.லாக் என்றால் பொயட்ரி, யூவி.லாக் என்றால் யூவி. எந்தக் கருவி என்று கோப்பே சொல்லிவிடும்; அந்தக் கருவியையே பயன்படுத்துங்கள், பிப்பைக் கலக்காதீர்கள்.

எந்தப் பட்டியலும் இல்லையா? நம் புராஜெக்டில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாக் கோப்புகளின் இம்போர்ட் வரிகளையும் பார்த்து, பைத்தானுடையதையும் சொந்த மாட்யூல்களையும் கழித்து, மீதியை ஒரே வரியில் தரலாம்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ் பைஒய்ஏஎம்எல் பியூட்டிஃபுல்சூப்4 ஓப்பன்-டமில்

கோப்புகள் நிறைய என்றால் ‘பிப்ரெக்ஸ்’ என்ற கருவி இம்போர்ட் வரிகளைத் தானாகத் திரட்டிப் பட்டியல் தரும். பெயர் மாறுபடும் இடங்களில் அது ஊகிக்கிறது என்பதால், பட்டியலை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிறகே நிறுவுங்கள்.

முடிந்ததும் ‘பைத்தான் -எம் பிப் செக்’ ஓட்டுங்கள். ஒரு பேக்கேஜுக்கு வேண்டிய இன்னொன்று இல்லாமலோ பொருந்தாத பதிப்பிலோ இருந்தால் சொல்லிவிடும். ‘பைத்தான் -எம் பிப் ஷோ’ என்று எழுதி, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைத் தந்தால் எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர் என்று காட்டும்.

நிறுவல் பாதியில் நின்றால்

‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்’ என்றால் முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள். பிழை இல்லையென்றால் பைத்தான் பதிப்பைப் பாருங்கள். நேற்று வெளியான புதிய பைத்தானுக்குப் பெரிய பேக்கேஜ்கள் உடனே தயாராக இருப்பதில்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆகப் புதிய பதிப்பைவிட ஒரு படி பழையதை வைத்திருப்பது நிம்மதி.

விண்டோஸில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0’ வேண்டும் என்றோ, லினக்ஸில் ‘பைத்தான்.ஹெச்’ இல்லை என்றோ வந்தால், உங்கள் கணினிக்கு ஏற்றபடி முன்பே கட்டப்பட்ட ‘வீல்’ வடிவம் கிடைக்காமல், பிப் மூலநிரலிலிருந்து கட்ட முயல்கிறது என்று பொருள். உடனே பெரிய கம்பைலரை இறக்கப் போகாதீர்கள். வீல் இருக்கும் வேறு பதிப்புப் பைத்தானில் முயலுங்கள். ‘--ஒன்லி-பைனரி=:ஆல்:’ என்று சேர்த்தால், கட்டத் தேவையில்லாத பதிப்பு இருந்தால் மட்டுமே பிப் எடுக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கான ‘சைகோபிஜி2’ இப்படி நின்றால், கற்கும் தேவைக்கு ‘சைகோபிஜி2-பைனரி’ போதுமானது. கட்டியே ஆக வேண்டும் என்றால் உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், பைத்தான்3-டெவ் இரண்டையும் ஏபிடி வழியாக நிறுவுங்கள்.

மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்கள் ‘டார்ச்’ (பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகம்) நிறுவும் முன் கவனிக்க வேண்டும். லினக்ஸில் சாதாரணமாக நிறுவினால் கிராஃபிக்ஸ் அட்டைக்கான நூலகங்களும் சேர்ந்து ஜிபி கணக்கில் இறங்கும். பைடார்ச் தளத்தின் நிறுவல் பக்கத்தில் ‘சிபியு’ என்று தேர்ந்தெடுத்தால் அது தரும் கட்டளை மிகச் சிறியதை இறக்கும்.

இணையம் இல்லாத கல்லூரி ஆய்வகக் கணினியில் நிறுவ வேண்டுமா? இணையம் உள்ள இடத்தில் ‘பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -டி பைகள் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ ஓட்டி (‘பைகள்’ என்பது நீங்கள் வைக்கும் ஃபோல்டர் பெயர்), அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அங்கே ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பைகள் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’. இரண்டு கணினியிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருந்தால் சிக்கல் வராது.

டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை

விஎஸ் கோட் தனக்கென ஒரு பைத்தானைத் தேர்ந்து வைத்திருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரெட்டர்’ என்று தேடி, .வென்வ் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். ஜூபிடர் நோட்புக்கில் டெர்மினலுக்குப் போக வேண்டாம். ஒரு செல்லிலேயே ‘%பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று ஓட்டினால் அந்த நோட்புக்கின் பைத்தானிலேயே நிறுவும். பிறகு கெர்னலை, அதாவது நோட்புக்கின் பின்னால் ஓடும் பைத்தானை, மறுபடி தொடங்குங்கள். இரண்டிலும் சந்தேகம் தீரவில்லை என்றால், முன்பு சொன்ன சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் வரியை அங்கேயே ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தவருக்குப் பட்டியல்

எல்லாம் ஓடிய பிறகு, பட்டியல் இல்லாத அந்தப் புராஜெக்டுக்கு நீங்களே ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்’ நிறுவிய எல்லாவற்றையும் பதிப்போடு தரும். ஆனால் அதில் நீங்கள் கேட்காமலே வந்த துணைப் பேக்கேஜ்களும் கலந்திருக்கும். நான் விரும்புவது, நேரடியாகத் தேவைப்படும் நான்கை மட்டும் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டியில் வரிக்கு ஒன்றாக எழுதி, ஃப்ரீஸ் காட்டிய பதிப்பை இரட்டைச் சமக்குறியோடு பக்கத்தில் சேர்ப்பது. எந்தப் பைத்தான் பதிப்பில் ஓடியது என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதுங்கள். நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தினால், .வென்வ் ஃபோல்டரை அதில் ஏற்றாமல், கிட் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலான .கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள், வேறு கணினியில் அது ஓடாது.

கடைசியாக .வென்வ் ஃபோல்டரை அழித்து, புதிதாக உருவாக்கி, அந்தப் பட்டியலை மட்டும் வைத்து நிறுவி மெயின்.பிஒய் கோப்பை ஓட்டுங்கள். எர்ரர் வந்தால், அதில் வரும் பெயர்தான் பட்டியலில் விடுபட்டிருக்கிறது.